தார் பூசிய பலகைக்கு யார் நிதி தருவார்?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தமிழ்வழிப் பள்ளியில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். எங்கள் வாசகசாலையின் பெயர்ப்பலகையில் தமிழும் மலையாளமும் இருந்தன. சென்ற ஆண்டு மார்ச்சில் கால்வாய்த் தண்ணீர் முறைக்காக ஒரு வாய்த்தகராறு நடந்தது. அதன்பின் ஓர் இரவில் தமிழ் எழுத்தின் மேல் யாரோ தார் பூசினார்கள். நான்காம் நாள் மலையாள எழுத்தின் மேலும் தார். அன்றிலிருந்து மலையாளி இளைஞர்கள் வாசகசாலைக்கு வருவதில்லை. தனியாக ஒரு கிளப் தொடங்கிவிட்டார்கள். ஓணத்துக்கு அவர்கள் எங்களை அழைக்கவில்லை, பொங்கலுக்கு நாங்களும் அழைக்கவில்லை. இரு மொழியினரையும் சேர்க்க இரண்டு நாள் ஒற்றுமை விழா நடத்த 6,40,000 ரூபாய்க்கு மதிப்பீடு போட்டிருக்கிறோம். டொராண்டோவில் இருக்கும் என் தம்பி மகன், இப்படிப்பட்ட வேலைக்கு அங்கே அரசே பணம் தருகிறது என்கிறான். இங்கே யாரிடம் கேட்கலாம்? விண்ணப்பத்தை எப்படி எழுதுவது?

— ஓய்வுபெற்ற ஆசிரியை, சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்

பதில்:

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்துக்கு முன்பே, அதோடு வைத்திருந்த திட்ட மதிப்பீட்டுத் தாளைப் படித்துவிட்டேன். இருபது ஆண்டுகளாகத் தொண்டு அமைப்புகளுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறேன். நிதி தருகிறவர்களுக்காகப் பிறருடைய விண்ணப்பங்களைப் படித்து மதிப்பிட்டும் தருகிறேன். அதனால் வந்த கெட்ட பழக்கம் இது. பந்தல், மேடை, ஒலிபெருக்கி 2,20,000. சிறப்பு விருந்தினர் பயணமும் தங்கலும் 1,30,000. உணவு 1,20,000. விழா மலர் 1,10,000. பொன்னாடை, நினைவுப் பரிசு 60,000. கூட்டல் பிசகவில்லை, கணக்கு டீச்சராக இருந்திருப்பீர்கள் என்று தோன்றுகிறது. ஆனால் வாசகசாலைக்கு வராமல் போன அந்தப் பையன்களில் ஒருவனையாவது திரும்ப வரவழைக்கும் செலவு இந்த ஐந்து வரிகளில் எங்கே இருக்கிறது என்று தேடினேன், கிடைக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் தேவிகுளம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நடந்த நல்லிணக்க விழாவைப் பார்த்துவர ஒரு நிதி நிறுவனம் என்னை அனுப்பியது. அந்த விண்ணப்பத்துக்குப் பரிந்துரை எழுதியவனும் நான்தான். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரத்தால் குமுளி எல்லையில் பதற்றம் மூண்டதே, அந்தக் கசப்பு அங்கே முழுதாக ஆறியிருக்கவில்லை. பேச்சாளர்கள் ஏழு பேர். நாற்காலிகளுக்கு நடுவே ஒரு வழி. வழிக்கு இடப்பக்கம் ஒரு மொழி, வலப்பக்கம் ஒரு மொழி. பந்தியும் அப்படியே இரண்டாகப் போயிற்று. சாப்பிட்டு எழுந்தவர்கள் கை கழுவ ஒரே ஒரு குழாய்தான் இருந்தது. வரிசை அங்கேதான் கலந்தது. ஒரு பாட்டி தன் சொம்பில் பிடித்த தண்ணீரை முன்பின் தெரியாத ஒரு மலையாளப் பெண்ணின் கையில் ஊற்றினார். பிறகு இருவரும் சேர்ந்து, ஆளுக்கொரு மொழியில், குழாய் வைத்தவனைத் திட்டினார்கள். அத்தனை செலவில் நான் பார்த்த நல்லிணக்கம் அவ்வளவுதான். அந்தக் குழாய் மதிப்பீட்டில் இல்லை. நானும் என் அறிக்கையில் அதைச் சொல்லாமல், ‘விழா சிறப்பாக நடந்தது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த வெட்கம் இன்னும் இருப்பதால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

யார் பணம் தருவார்கள் என்று கேட்கிறீர்கள். அதற்கு முன்னால், விண்ணப்பத்தில் யார் யார் கையெழுத்துப் போடுவார்கள்? நிர்வாகக் குழுவில் ஒன்பது பேர், ஒன்பதும் தமிழ் பேசும் வீடுகள் என்று அந்தத் தாளில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். திட்டத்தின் நோக்கம் என்ற இடத்தில் ‘அவர்களையும் நம்முடன் சேர்த்துக்கொள்வது’ என்று இருக்கிறது. அந்த ‘அவர்கள்’ இதைப் படித்தால் எப்படி இருக்கும் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். ஒரு தரப்பு எழுதி, ஒரு தரப்பு கணக்கு வைத்து, மறு தரப்பை விருந்தினராக அழைக்கிற திட்டத்தை எந்த மதிப்பீட்டாளரும் இரண்டாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். பணம் கிடைத்தாலும் ‘தமிழ்க்காரர்கள் ஒற்றுமையின் பெயரில் ஆறு லட்சம் வாங்கிவிட்டார்கள்’ என்ற பேச்சு மறுநாளே டீக்கடைக்கு வந்துவிடும்.

ஆகவே முதலில் கிளப்பின் செயலாளரைப் போய்ப் பாருங்கள். அச்சடித்த அழைப்பிதழ் வேண்டாம், வெற்றுத் தாளோடு போங்கள். அவன் உங்களிடம் படித்தவனாக இல்லாவிட்டாலும் டீச்சர் என்ற சொல்லுக்கு உங்கள் நாட்டில் இன்னும் மரியாதை இருக்கிறது. பலகையைப் பற்றி முதல் நாள் பேச்செடுக்காதீர்கள். உங்கள் தரப்பில் மலையாள எழுத்தின் மேல் தார் பூசியது யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அவனையும் இரண்டாம் சந்திப்புக்குக் கூட்டிப் போங்கள், பேசச் சொல்ல வேண்டாம், உட்கார்ந்திருக்கட்டும். வாசகசாலையும் கிளப்பும் சேர்ந்து விண்ணப்பிப்பதாக ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து, தரப்புக்கு ஒன்று. காசோலை ஒவ்வொன்றுக்கும் இருவரும் ஓரிடத்தில் உட்கார வேண்டிவரும் என்பதே இதில் எனக்குப் பிடித்த பகுதி.

இனி என்ன செய்வது என்ற விஷயம். தகராறு தொடங்கியது தண்ணீரில். தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் இடையிலான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தானது. 1958 முதலே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. அதன்படி சித்தூர்ப்புழைப் பாசனத்துக்காக மணக்கடவு தடுப்பணையில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்கு வந்து சேர வேண்டும். அந்தக் கணக்கு இரண்டு மாநிலங்களும் பேச வேண்டியது, ஒரு வாசகசாலையால் ஆகாதது. ஆனால் மூலத்தரா மதகில் திறந்த தண்ணீர் உங்கள் கடைமடைக்கு எந்த நாளில் வரும், எந்தக் கிளைக்கு எத்தனை மணி நேரம் என்பதைப் பாசனத்துறை ஆட்களிடம் கேட்டு இரண்டு மொழியிலும் ஒரு கரும்பலகையில் எழுதிப் போடலாம் அல்லவா? செலவு ஒரு பெட்டி சாக்பீஸ். ‘அவர்கள் திருட்டுத்தனமாக மடை திறந்தார்கள்’ என்ற பேச்சில் பாதி, முறை எப்போது என்று தெரியாததால் வருவது.

அடுத்து எழுத்து. உங்கள் தெருப் பெண்களில் எத்தனை பேருக்குப் பஞ்சாயத்து நோட்டீசையும் ரேஷன் கடைப் பலகையையும் படிக்க வரும்? கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969இன்படி தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தமிழிலேயே கடிதப் போக்குவரத்து நடத்தலாம். உரிமை தாளில் இருக்கிறது, வரும் பதிலைப் படித்துச் சொல்ல ஒரு மலையாளி வேண்டியிருக்கிறது. மறுபக்கம், கிளப் பையன்களில் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் உக்கடத்தில் இறங்கி பஸ் பலகை படிக்கத் தெரியாமல் நிற்பார்கள். வாரம் இரண்டு மாலை, ஒரு மணி நேரம் மலையாள எழுத்து, ஒரு மணி நேரம் தமிழ் எழுத்து. சொல்லித் தருகிறவர் அடுத்த மணி நேரம் மாணவராக உட்கார வேண்டும். எந்தப் பேச்சாளரும் செய்ய முடியாததை இது செய்யும் என்று நினைக்கிறேன். நீங்கள் டீச்சர், உங்களுக்குத் தெரியாததா!

மூன்றாவதாக ஒன்று சொல்கிறேன். துணிச்சல் இருந்தால் எடுங்கள். சித்தூர் பகவதி கோயிலில் கும்ப மாதம் கொங்கன்படைத் திருவிழா நடக்கிறது. படையெடுத்து வந்த கொங்கு மன்னனைப் பகவதியே எதிர்நின்று வென்ற கதையை ஊர் கூடி நடத்திக் காட்டுகிறது. உங்கள் பக்கத்துக் குடும்பங்களில் பல, கொங்கு நாட்டிலிருந்து பிழைக்க வந்து நிலம் திருத்தியவை. தோற்ற படையின் ஊர்க்காரர்கள் அதே அம்மனிடம் நேர்த்திக்கடன் வைக்கிறார்களா, சின்ன வயதில் அந்தத் திருவிழாவை எப்படிப் பார்த்தார்கள் என்று இரு மொழிப் பெரியவர்களிடமும் கேட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். அதே சித்தூரில், சோகநாசினி ஆற்றின் கரையில்தான் மலையாளத்தின் தந்தை எனப்படும் துஞ்சத்து எழுத்தச்சன் கடைசிக் காலத்தைக் கழித்ததாக மரபு. அவருடைய குருமடம் இன்றும் இருக்கிறது. பாலக்காட்டுப் பொறாட்டு நாடகத்திலோ தமிழும் மலையாளமும் ஒரே வாயில் வந்து விழும். இத்தனையும் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்க, எங்கிருந்தோ ஒரு பேச்சாளரைக் கார் வைத்து அழைத்துவர 1,30,000 ரூபாயா?

சரி, பணம். மதநல்லிணக்கத்துக்கென்று மத்திய உள்துறையின் கீழ் 1992இல் தொடங்கிய தேசிய அறக்கட்டளை ஒன்று உண்டு. யாரைக் கேட்டாலும் அதைத்தான் முதலில் சொல்வார்கள். அதன் முதன்மையான வேலை வன்முறையில் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் படிப்புக்கு உதவுவது. உங்கள் ஊரில் தாரோடு நின்றது, நல்லவேளை. அந்தக் கதவு உங்களுக்கானது அல்ல. நவம்பர் 19 முதல் 25 வரை கொண்டாடும் தேசிய ஒருமைப்பாட்டு வாரத்தில் நிகழ்ச்சி வைத்தால் மாவட்ட நிர்வாகத்தின் கவனம் கிடைக்கும், அவ்வளவுதான்.

உங்களுக்கு மிக அருகில் இருப்பது நூலகக் கவுன்சில். கேரளப் பொது நூலகச் சட்டம் 1989இல் வந்தது. நீங்கள் கட்டும் வீட்டு வரியோடு நூலகத் தீர்வையும் சேர்ந்தே போகிறது. கவுன்சிலில் இணைந்த வாசகசாலைகளை ஆண்டுதோறும் பார்வையிட்டுத் தரம் பிரித்து அதற்கேற்ப மானியம் தருகிறார்கள். இணைப்பு இருக்கிறதா, கடைசியாக எந்தத் தரம் என்று நீங்கள் எழுதவேயில்லை. தாலுகா நூலகக் கவுன்சில் அலுவலகத்துக்கு இந்த வாரமே போய் வாருங்கள். இரு மொழிப் புத்தகங்களுக்கு, கொல்கத்தாவில் 1972 முதல் இருக்கும் ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளையின் உதவி மாநிலக் குழு வழியாகக் கிடைக்கும்.

பஞ்சாயத்தை மறந்துவிடாதீர்கள். 1996இல் மக்கள் திட்டம் தொடங்கியதிலிருந்து கேரளத்தில் திட்ட நிதியின் கணிசமான பங்கு உள்ளாட்சிகளுக்குப் போகிறது. எழுத்து வகுப்பை அடுத்த ஆண்டுத் திட்டத்தில் சேர்க்க வேண்டுமானால் கிராமசபையில் எழுந்து சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லி அவர்கள் ஆமோதிப்பதைவிட, கிளப் செயலாளர் மலையாளத்தில் சொல்லி நீங்கள் ஆமோதித்தால் வார்டு உறுப்பினர் நிமிர்ந்து உட்காருவார்.

மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் நிகழ்ச்சிகளுக்குத் தரும் நிதியுதவித் திட்டம் ஒன்று இருக்கிறது. பதிவு செய்து மூன்று ஆண்டுகளாவது இயங்கிய அமைப்பாக இருக்க வேண்டும். தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பதிவு எண் வேண்டும். செலவில் 75 சதவீதம் வரை, வழக்கமாக ஐந்து லட்சத்துக்கு மிகாமல் தருவார்கள். மீதி உங்கள் கைப்பணம். விதிகளை அவ்வப்போது மாற்றுவார்கள், ஆகவே விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுங்கள். பணம் தவணையாக வரும். கடைசித் தவணை கணக்குக் கொடுத்த பிறகுதான். இது தெரியாமல் பந்தல்காரருக்குக் கடன் சொல்லி, நகையை அடகு வைத்த செயலாளர்களை எனக்குத் தெரியும். கலைக்குழுக்கள் வேண்டுமானால் தஞ்சாவூரில் உள்ள தென்னகப் பண்பாட்டு மையத்துக்கு எழுதலாம். தமிழகம், கேரளம், ஆந்திரம் எல்லாம் அதன் எல்லைக்குள் வருகின்றன.

கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளைக் கேட்கலாமா என்றும் மதிப்பீட்டுத் தாளின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். கேட்கலாம். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்பனையோ நிகரச் சொத்து மதிப்போ உள்ள கம்பெனிகள் முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எதற்கெல்லாம் செலவிடலாம் என்று ஏழாம் அட்டவணை சொல்கிறது. அதில் ‘மொழி ஒற்றுமை’ என்றொரு தலைப்பு கிடையாது. கலை, பண்பாடு, பொது நூலகம் அமைத்தல் என்பன உண்டு. வாசகசாலை என்று எழுதினால் அவர்களுடைய அதிகாரி எந்தக் கட்டத்தில் போடுவது என்று தவிக்க மாட்டார். ஆனால் வருமான வரித்துறையில் அமைப்புக்கு வரிவிலக்கும் நன்கொடையாளருக்கு வரிச்சலுகையும் தரும் பதிவுகளும் (12ஏ, 80ஜி என்று அறியப்பட்டவை), கம்பெனிகளின் சமூகப் பணி நிதியைப் பெறுவதற்காகக் கம்பெனி விவகார அமைச்சகத்தில் செய்யும் சி.எஸ்.ஆர்.-1 பதிவும் இல்லாமல் உங்கள் கடிதம் மேசை தாண்டாது.

பதிவு என்றதும் ஒன்று. சித்தூர் தாலுகாவின் பெரும்பகுதி பழைய கொச்சி சமஸ்தானம். அங்கே சங்கங்கள் 1955ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்–கொச்சிச் சட்டத்தின் கீழ் பதிவாகின்றன. மலபாராக இருந்த பக்கத்தில் 1860ஆம் ஆண்டுச் சட்டம். சமஸ்தானம் போய் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனாலும் படிவத்தில் ராஜா இன்னும் இருக்கிறார். உங்கள் சான்றிதழில் எந்தச் சட்டம் என்று பார்த்து அதையே எல்லா இடத்திலும் எழுதுங்கள். எந்தச் சட்டமானாலும் நிர்வாகக் குழுப் பட்டியலை ஆண்டுதோறும் மாவட்டப் பதிவாளரிடம் கொடுத்திருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் அபராதம் கட்டிச் சரிசெய்துவிட்டுத்தான் மற்ற வேலை.

தம்பி மகனுக்கு வருகிறேன். கனடா அரசின் பன்பண்பாட்டு நிதி அந்த நாட்டு அமைப்புகளுக்கானது. அங்கிருந்து வேறு யாராவது அனுப்ப முன்வந்தாலும், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் அனுமதி இல்லாமல் ஒரு டாலரும் வாசகசாலைக் கணக்கில் விழக் கூடாது. அந்தப் பதிவுக்கு மூன்று ஆண்டுகள் இயங்கி, அந்த மூன்றாண்டில் 15 லட்ச ரூபாயாவது பணிகளுக்குச் செலவிட்டிருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வர வேண்டும். வந்த பணத்தை வேறு அமைப்புக்குப் பிரித்துத் தரவும் கூடாது. கிளப்போடு சேர்ந்து செய்கிற உங்கள் திட்டத்துக்கு அந்தக் கடைசி விதி ஒன்றே போதும், வேண்டாம் என்று சொல்ல. தம்பி மகன் இன்னும் இந்தியக் குடியுரிமையில் இருந்தால், தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடாக் குடியுரிமை வாங்கிவிட்டால், கையில் இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், ஆகும். எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

விண்ணப்பம் எழுதும்போது ‘யாதும் ஊரே’ என்று தொடங்காதீர்கள். நான் படித்த நல்லிணக்க விண்ணப்பங்களில் பாதி அப்படித்தான் தொடங்கின; கணியன் பூங்குன்றனார்மேல் எனக்கு வருத்தமே வந்துவிட்டது. வாசகசாலையின் வருகைப் பதிவேட்டைத் திறந்து வையுங்கள். மார்ச் வரை வாரத்துக்கு எத்தனை மலையாளக் கையெழுத்து இருந்தது, எந்த வாரத்தில் அது நின்றது என்று எண்ணி எழுதுங்கள். அந்தப் பக்கத்தின் ஒளிநகலை இணையுங்கள். பிரச்சினை என்ன என்ற கேள்விக்கு அதுதான் விடை. ஓராண்டுக்குப் பிறகு என்ன மாறியது என்ற கேள்விக்கும் அதே பதிவேடுதான் விடை.

மதிப்பீட்டையும் புதிதாகப் போட்டுப் பார்த்தேன். வகுப்பெடுக்கும் இருவருக்கு மாதம் 3,000 வீதம் ஓராண்டுக்கு 72,000. தேநீரும் கடலையும் மாதம் 2,000 வீதம் 24,000. ஒலிப்பதிவு, எழுத்தாக்கம், மொழிபெயர்ப்பு 45,000. இரு மொழியில் ஒரு சிறு நூல் அச்சிட 30,000. தணிக்கையாளர் கட்டணம் 9,000. மொத்தம் 1,80,000. இதில் உங்கள் கைப்பணமாகப் போட வேண்டிய கால் பங்கு 45,000; இரண்டு தரப்பும் கை கொடுத்தால் ஊருக்குள்ளேயே திரட்டிவிடலாம். பழைய மதிப்பீட்டில் உங்கள் பங்கே 1,60,000 வந்திருக்கும். தேநீருக்குப் பில் கிடைக்காது என்று விட்டுவிடாதீர்கள், அன்றன்று ரசீதுச் சீட்டு எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். மத்திய அரசுப் பணமானால் பயன்பாட்டுச் சான்றிதழைப் பொது நிதி விதிகளின் (ஜி.எஃப்.ஆர்.) 12-ஏ படிவத்தில் கேட்பார்கள். கணக்கில் சேர்ந்த வட்டியையும் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

விழா வேண்டவே வேண்டாமா என்று உங்கள் குழு கேட்கும். ஆண்டு முடிவில் சிறு நூல் வெளியாகும் மாலையில் வைத்துக்கொள்ளுங்கள், பள்ளித் திண்ணையில், பொன்னாடை இல்லாமல்.

அந்தப் பலகையை இப்போதைக்குக் கழற்ற வேண்டாம். கழற்றியது யார் என்று இன்னொரு தகராறு வரும். கிளப்போடு ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு சேர்ந்து எழுதிக்கொள்ளலாம். அதற்கான பெயின்ட் செலவை எந்த மதிப்பீட்டிலும் காட்டாதீர்கள், உங்கள் கைக்காசில் பாதி, செயலாளர் கைக்காசில் பாதி என்று வாங்குங்கள். புது மதிப்பீடும் இருவர் கையெழுத்தும் வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். படித்துத் திருத்தித் தருகிறேன், கட்டணம் கிடையாது.